புகை விழுந்த படத்தில் சூரியன் நின்ற உயரம்

மார்ச் 24, முற்பகல். நீதித்துறை நடுவர் முன்னிலையில் சாட்சி தானே மனுச் செய்து அளித்த வாக்குமூலம். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமல் போகலாம் என்பது சாட்சிக்கு விளக்கப்பட்டது. சொல்லத்தான் வந்திருப்பதாகச் சாட்சி பதில் அளித்தார்.

என் பெயர் அருணாதேவி. வயது 24. தகப்பனார் பெயர் நாகையா. விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை அணைக்குத் தெற்கே கீழக்காலனியில் கதவு எண் 3/114 வீட்டில் என் அக்காள் வள்ளித்தாய், அவள் கணவர் பாண்டி, அவர்கள் மகள் எழில் ஆகியோருடன் குடியிருக்கிறேன். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் ஃபிலிம் பிரிவில் வேலை செய்கிறேன். தூத்துக்குடியில் கப்பல் பணியாளருக்கான ஆறு மாதப் பயிற்சியை முடித்துவிட்டு, கப்பலில் ஏறுவதற்கான அழைப்பை எதிர்பார்த்திருக்கிறேன். இந்த வழக்கில் முதல் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் வள்ளித்தாய் என் உடன்பிறந்த அக்காள். அவளுக்கு வயது 31. தங்கை என்பதால் அவளுக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று சொல்வார்கள். அதனால் நான் சொல்வதைக் காட்டிலும் நான் எடுத்த இரண்டு படங்களைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவை யாருக்கும் தங்கை அல்ல.

மார்ச் 5ஆம் தேதி காலை 8.57 மணிக்கு, எங்கள் ஊருக்குக் கிழக்கே இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து நடந்தது. கற்பகவல்லி என்பவரும் இன்னும் இரண்டு பெண்களும் இறந்துபோனார்கள். என் அக்காள் இரண்டு கைகளும் முகமும் வெந்து மருத்துவமனையில் இருக்கிறாள். 8.57 என்ற நேரத்தில் யாருக்கும் தகராறு இல்லை. அதற்கு முன்னால் புகையோ தீயோ எதுவும் இல்லை என்றும், என் அக்காள் ஃபோர்மேனைக் கேட்காமல் வெடிமருந்து அறைக்குள் போய் மருந்தைத் தேய்த்ததால் தீப்பிடித்து உடனே வெடித்தது என்றும் கம்பெனி சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. அது பொய். அவள் கம்பெனி வாசலை மிதிப்பதற்குப் பல நிமிடங்களுக்கு முன்பே அங்கே புகை வந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன்.

பார்த்த விதத்தைச் சொல்கிறேன். கடலில் சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அளந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால், கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதற்கு செக்ஸ்டன்ட் என்று ஒரு கருவி உண்டு. என் படிப்புக்கு அதைச் சொல்லித் தருவதில்லை, அது அதிகாரிகளுக்கான பாடம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கப்பலில் பெயிண்ட் அடித்துக்கொண்டே ஓய்வு பெறுவதற்காகப் போகவில்லை, மேல் தேர்வு எழுதி அதிகாரி ஆவதற்காகப் போகிறேன். ஆகவே சென்ற ஆண்டு சாத்தூரில் பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் செய்யது அபுதாஹிர் அண்ணன் கடையில், இரண்டு பென்சில் பேட்டரி போட்டு ஓடும் மலிவான டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினேன். வாங்கும்போதே அவர், "படம் நல்லா விழும்மா. ஆனா தேதி நிக்காது. பேட்டரிய மாத்துனா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கும். பெறகு எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது" என்று சொன்னார். அந்தக் கேமராவுக்குள் கடிகாரத்துக்கென இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது 2012 ஜனவரி 1, நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று காட்டும். கைபேசியில் எடுத்திருக்கலாமே என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள். என் கைபேசியின் கேமரா சூரியனை நேராகப் பார்த்துப் பார்த்து முன்பே கெட்டுவிட்டது.

எங்கள் ஊரில் கடலும் இல்லை, கடல் அடிவானமும் இல்லை. அதற்கு என் அக்காள் கணவர் பாண்டி வழி சொன்னார். அவர் கொத்தனார். சுவர் கட்டும்போது மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூபை இரண்டு முனையிலும் தூக்கிப் பிடிப்பார்கள். எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த டியூபின் முனைகளை இரண்டு கம்புகளில் கட்டி, கேமராவின் லென்ஸையும் அதே மட்டத்தில் வைத்துப் படம் எடுத்தால், படத்தில் இரண்டு தண்ணீர் மட்டங்களையும் இணைக்கிற கோடுதான் அடிவானம். சூரியன் கண்ணைக் கூசாமல் விழுவதற்கு, அச்சகத்தில் வீணாகும் கறுப்பு ஃபிலிமைப் படத்தின் மேல்பாதிக்கு மட்டும் மறைப்பாகப் பிடிப்பேன். லென்ஸ் ஓரத்தில் படம் எவ்வளவு வளைகிறது என்பதை, பாண்டி கட்டிய செங்கல் சுவரைப் படம் எடுத்து, வரிசைகளை எண்ணித் தெரிந்துகொண்டேன். முதலில் கணக்கு மிகவும் தவறியது. ஒரு நாள் நான் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் காரியாபட்டியில் நிற்பதாக விடை வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் பாண்டி வேலை முடிந்து வரும்போதெல்லாம், "என்ன கொழுந்தியா, இன்னிக்கு எந்த ஊர்ல நிக்கீக? வரும்போது அங்கருந்து காய்கறி வாங்கிட்டு வந்துருங்க" என்பார். இப்போது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் விடை வருகிறது.

மார்ச் 5ஆம் தேதி எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலை ஏழரை மணிக்கு அணைக்கரைக்குப் போய் டியூபைக் கட்டினேன். 7.48க்குக் கேமராவில் பேட்டரி போட்டேன். அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்து, கைபேசியில் மணி பார்த்து, படத்தின் எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதி வந்தேன். கிழக்கே பார்த்து நின்றதால், படத்தின் அடிப்பாகத்தில் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியும் ஷெட்டுகளின் கூரையும் விழும். 8.29க்கு எடுத்த 412ஆம் படத்தில் புகை இல்லை. 8.34க்கு எடுத்த 413ஆம் படத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் மெல்லிய வெள்ளைப் புகை இருக்கிறது. 8.39க்கு எடுத்த 414இல் அது தடித்து, காற்றுக்குச் சாய்ந்து நிற்கிறது.

அந்தப் புகையை நான் படத்தில் பார்ப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தேன். எங்கள் பகுதியில் தினமும் காலையில் ஏதாவது ஒரு கம்பெனியில் கழிவு மருந்தையும் வீணான காகிதக் குழாய்களையும் குழியில் போட்டு எரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் புகையைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் போனோம். இதுவும் கழிவு எரிக்கிற புகை என்று நினைத்தேன். சூரியனை மறைத்துவிடுமே என்று எரிச்சல்பட்டேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அதன் பிறகு பேட்டரி தீர்ந்துவிட்டது. மலிவான பேட்டரி, ஒரு மணி நேரம்கூட நிற்காது. பையிலிருந்த வேறு பேட்டரியை 8.48க்குப் போட்டேன். கடிகாரம் மறுபடி 2012க்குப் போய்விட்டது. 8.51க்கு ஒரு படம் எடுத்தேன், புகை சூரியனை மறைத்துவிட்டதால் அது பயன்படவில்லை. புகை விலகட்டும் என்று காத்திருந்தேன். விலகியது. 8.57க்குப் பட்டனை அழுத்தக் கை வைத்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெளிச்சம் எழும்பியது. விரல் தானாக அழுத்திவிட்டது. அதுதான் 416ஆம் படம். அதன் பிறகு சத்தம் வருவதற்குள் ஏழு எண்ணினேன். எங்கள் ஊரில் எல்லோரும் எண்ணுவார்கள், எந்தக் கம்பெனி என்று தூரத்தை வைத்துத் தெரிந்துகொள்வதற்கு. ஏழு என்றதும் அக்காள் கம்பெனி என்று தெரிந்தது. சாமான்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காளைச் சாக்கில் படுக்க வைத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது. கம்பெனியிலிருந்து அவர்களுக்கு முதல் போன் போனது 8.59க்கு. இதை அவர்களுடைய பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அக்காளின் சோற்றுப் பை வாசல் பக்கம் கிடந்தது. அதற்குள் மகளிர் இலவசப் பயணச் சீட்டு இருந்தது. அதில் அச்சாகியிருக்கும் நேரம் 8.31, ஏறிய இடம் எங்கள் ஊருக்குச் சாலை பிரியும் விலக்கு. அன்றைக்கு எழிலைப் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு வந்ததால் கம்பெனி வேனைத் தவறவிட்டு, டவுன் பஸ்ஸில் போனாள். விலக்கிலிருந்து பஸ் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போவதால் கம்பெனி நிறுத்தத்துக்கு எப்படிப் போனாலும் பதினைந்து நிமிடம் ஆகும், அங்கிருந்து இறங்கி நடக்க வேண்டும். 8.34க்குப் புகை வந்தபோது என் அக்காள் பஸ்ஸில் இருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மருந்து தேய்க்க முடியாது.

மூன்றாம் நாள் அவளுக்குப் பேச்சு வந்தது. அவள் சொன்னது இது. 8.50 வாக்கில் அவளும் கற்பகவல்லியும் இன்னும் சிலரும் வாசலுக்கு வந்தபோது, ஃபோர்மேன் நவநீதகிருஷ்ணன் கையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். "வாங்க வாங்க, ஓடுங்க. உள்ள இருக்க பெட்டியெல்லாம் எடுத்து வெளிய போடுங்க. ஒண்ணுமில்ல, சும்மா புகையுது" என்று சொல்லியிருக்கிறார். கற்பகவல்லி, "அண்ணே, ஃபயர் சர்வீசுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டதற்கு, "இந்தப் புகைக்கெல்லாம் போன் போட்டா சீல் வச்சுட்டுப் போயிருவான். பெறகு இந்த சீசன் பூரா நீங்க வீட்ல இருங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார். அவர்கள் உள்ளே போனார்கள். அக்காள் இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது வெடித்தது. கற்பகவல்லி அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

எங்கள் பகுதியில் இது வழக்கம். சின்னத் தீ என்றால் வெளியே சொல்ல மாட்டார்கள், தொழிலாளியை விட்டுச் சரக்கை வெளியே எடுக்கச் சொல்வார்கள். தீ அணைந்துவிட்டால் அப்படி ஒன்று நடந்ததாகவே இருக்காது. அணையாவிட்டால் உள்ளே போனவர்கள்மீது கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். செத்தவர்கள்மீது எழுதுவது இன்னும் வசதி. இந்தத் தடவை ஒருத்தி சாகவில்லை.

அதன் பிறகு மார்ச் 9ஆம் தேதி நான் கேமராவையும் டியூபையும் நோட்டையும் பயணச் சீட்டையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். சார்பு ஆய்வாளர் படங்களைப் பார்த்தார். 413ஆம் படத்தில் 2012 ஜனவரி 1, 00.46 என்றும் 416ஆம் படத்தில் அதே தேதி 00.09 என்றும் இருந்தது. "ஏம்மா, ஒன் கேமரா கணக்குப்படி வெடிச்சு முடிச்சு முப்பத்தேழு நிமிசம் கழிச்சுல்ல பொகை வருது? அதுவும் பன்னெண்டு வருசத்துக்கு முன்னால, நடுராத்திரில, வெயிலோட" என்று சிரித்தார். நோட்டில் நேரம் எழுதியிருப்பதைக் காட்டினேன். நோட்டில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். அது சரிதான். அதனால் நோட்டையும் கேமராக் கடிகாரத்தையும் ஒதுக்கி வையுங்கள், சூரியனைப் பாருங்கள் என்று சொன்னேன்.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நேரம் தெரிந்தால் சூரியனின் உயரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இடம் தெரிந்தால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டு நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். நான் நின்ற இடம் அணைக்கரை, அது எங்கேயும் நகராது. 413ஆம் படத்தில் தண்ணீர் மட்டக் கோட்டிலிருந்து சூரியன் இருபத்தொன்பது பாகை உயரத்தில் இருக்கிறது. 416இல் முப்பத்து நாலரை பாகை. பாகைக் கணக்குப் புரியாது என்றால் அளவுகோல் போதும். படத்தில் விழுந்த சூரியனையே ஒரு வட்டமாக எடுத்துக்கொண்டு, கோட்டிலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், புகை விழுந்த படத்தில் ஐம்பத்து நான்கு சூரியன் பிடிக்கும். வெடித்த படத்தில் அறுபத்து நான்கு பிடிக்கும். நடுவில் பத்துச் சூரியன் உயரம். அன்றைய தேதியில், எங்கள் ஊரில், காலை அந்த வேளையில் சூரியன் அவ்வளவு உயரம் ஏறுவதற்கு இருபத்து மூன்று நிமிடம் ஆகும். வெடித்தது 8.57 என்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. இருபத்து மூன்றைக் கழித்தால் 8.34. என் அளவில் இரண்டு நிமிடம் முன்னே பின்னே தவறு இருக்கலாம். இருபது நிமிடத் தவறு இருக்க முடியாது.

சார்பு ஆய்வாளர், "சூரியனக் கூப்ட்டு சாட்சி சொல்லச் சொல்லுதியா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தலைமைக் காவலர் அய்யாதுரை, "பிள்ளைய ஒரு தடவ செஞ்சு காட்டச் சொல்லுவோம் சார். என்ன கெட்டுப் போச்சு" என்றார். என் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு என்னை நிலையத்து முற்றத்துக்கு அழைத்துப் போனார். டியூபுக்குத் தண்ணீரும் அவரே பிடித்து வந்தார். படம் எடுத்து, அளந்து, கால் மணி நேரம் கணக்குப் போட்டு, படம் எடுத்தது 10.12க்கு என்று சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்தது 10.06. சார்பு ஆய்வாளர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அய்யாதுரை தன் கைபேசியை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம கடிகாரம் அஞ்சு நிமிசம் ஸ்லோவா ஓடுது சார்" என்றார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் என் வாக்குமூலம் என்று எழுதியதில் புகையும் இல்லை, படமும் இல்லை, பயணச் சீட்டும் இல்லை. விபத்துச் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன் என்று மட்டும் நான்கு வரி இருந்தது. அதனால்தான் இங்கே மனுப் போட்டேன். கேமராவின் மெமரி கார்டையும் பயணச் சீட்டையும் இன்று உறையில் வைத்து ஒப்படைத்திருக்கிறேன்.

மனுப் போட்ட மறுநாள், மார்ச் 14ஆம் தேதி, ஃபோர்மேன் நவநீதகிருஷ்ணன் மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். என் அக்காளால் பழத்தை உரிக்க முடியாது என்பதை அவர் கவனிக்கவில்லை. என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, "கப்பலுக்குப் போகப் போற பிள்ள நீ. கோர்ட்டு கேஸுன்னு பேரு அடிபட்டா பாஸ்போர்ட்டுல போலீஸ் என்ன எழுதுவான்னு சொல்ல முடியாது, பாத்துக்கோ" என்றார். எழுதினால் எழுதட்டும் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "சரி, எட்டு முப்பத்தி நாலுக்கே நீ பொகையப் பாத்துட்ட, அப்படித்தான? நீ ஏன் போன் போடல? இருவத்தி மூணு நிமிசம் கேமராவ வச்சுட்டுச் சும்மாதான நின்ன? அத கோர்ட்டுல கேப்பாங்கள்லா. அப்ப என்ன செய்வ?" என்று கேட்டார். பாண்டி அவரை அடிக்கப் போனார். நான் தடுத்துவிட்டேன், ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

கோர்ட்டில் யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், நின்றேன். என் சட்டைப் பையில் கைபேசி இருந்தது, சார்ஜ் இருந்தது, டவர் இருந்தது. அதில் மணி பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தீயணைப்பு நிலைய எண் எனக்கு மனப்பாடம், பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 8.34க்கு நான் அதை அழுத்தியிருந்தால் அக்காள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வாசலில் வண்டி நின்றிருக்கும், அவளை யாரும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். எரிவது கழிவா மருந்தா என்று எனக்குத் தெரியாது. ஃபோர்மேனுக்குத் தெரியும், அவர் பக்கத்தில் நின்றார். இதுதான் அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம், இதற்கு மேல் நான் எனக்கு எந்த வித்தியாசமும் கோரவில்லை. என் அக்காளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவள், "நானும் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தேன் பிள்ள. குப்பைய எரிக்காங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

முதல் எதிரி என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து வள்ளித்தாயின் பெயரை எடுத்துவிட வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்றால், தீ என்று தெரிந்தும் இருபத்து மூன்று நிமிடம் போன் போடாமல் இருந்தவர்களின் பெயரை எழுத வேண்டும். தெரியாமல் இருந்தவர்களையும் சேர்த்து எழுதச் சட்டத்தில் இடம் இருந்தால், கடைசியில் என் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். கப்பல் அழைப்பு ஏப்ரலில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். விசாரணை முடியும் வரை எந்தத் தேதியில் கூப்பிட்டாலும் வருவேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் நேரம் தவறாக விழுந்திருந்தது, சொன்னேன், திருத்தினார்கள். நான் பார்த்தது, செய்தது, செய்யத் தவறியது ஆகிய மூன்றும் இதில் உள்ளபடியே உண்மை.

(ஒப்பம்)
நா. அருணாதேவி